சிவப்புப் புள்ளி வைத்த மெஷின்

என் கணவர் அவர்களுக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், மனசு வரவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது, நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்பது முறை. கேட்டுவிட்டேன். இங்கே நான் நலமில்லை, உங்கள் அம்மா நலமில்லை, வாஷிங் மெஷின் கொஞ்சமும் நலமில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். மழை, சம்பளம், சாப்பாடு என்று பேசுகிற வரைக்கும் என் குரல் உங்களுக்குக் கணீரென்று கேட்கிறது. உங்கள் அண்ணன் பேச்சை எடுத்த உடனே சிக்னல் போய்விடுகிறது. அண்ணன் என்ற வார்த்தையை மட்டும் கடத்தாத அந்த சிம்மை எந்தக் கடையில் வாங்கினீர்களோ தெரியவில்லை. வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறீர்கள். மெஷின் நின்றுவிட்டது என்றாலும் கட்டைவிரல், அத்தை காய்ச்சலில் கிடக்கிறார் என்றாலும் கட்டைவிரல். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். இதை நடுவில் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் முழுசாகப் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா.

மெஷினுக்கு என்ன என்று கேளுங்கள். தண்ணீர் பிடிக்கிறது, துவைக்கிறது, அப்புறம் அப்படியே நின்றுவிடுகிறது. அழுக்குத் தண்ணீர் வெளியே போகவில்லை. பிழியவும் இல்லை. உள்ளே யாரோ பல்வலியோடு படுத்திருக்கிற மாதிரி ஒரு முனகல் மட்டும் வருகிறது. நான் குனிந்து பிளாஸ்டிக் மக்கால் தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டு, ஊறிப்போன போர்வையைக் கையால் முறுக்கிப் பிழிகிறேன். போர்வை என்னைப் பிழிகிறதா நான் போர்வையைப் பிழிகிறேனா என்றே சந்தேகமாக இருக்கிறது. விடாமல் மழை வேறு. கையால் பிழிந்த துணி காய்வேனா என்கிறது. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, ஈரத் துணிக்குள் தலையைக் குனிந்துகொண்டுதான் நடமாடுகிறேன்.

அத்தைக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு படுக்கையில் விழுந்த பிறகு, துணி என்றால் என்ன துணி என்று உங்களுக்குத் தெரியும். போன லீவில் பார்த்தீர்களே. ஒரு நாளைக்கு எத்தனை முறை மாற்றுகிறேன் என்று கணக்குச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, அவருக்கும் பிடிக்காது. நனைத்துவிட்டால் கூப்பிடமாட்டார், நானாகப் போய்ப் பார்க்கும் வரைக்கும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். வாய் குழறினாலும் ரோஷத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வாரம் ஒருமுறை வருகிற நர்ஸ், முதுகைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஈரம் படவே கூடாது, காய்ந்த துணிதான் இவருக்கு மருந்து என்று சொல்லிவிட்டுப் போனார். மருந்துக் கடையில் காய்ந்த துணி விற்கிறார்களா என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ரிப்பேருக்கு நான் ஆள் தேடவில்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். முதலில் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பெண் குரல். எல்லாவற்றையும் அழுத்தி முடித்த பிறகு நம் ஊரின் பின்கோடைக் கேட்டார்கள். சொன்னேன். உங்கள் பகுதிக்குச் சேவை இல்லை, எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி என்று வைத்துவிட்டார்கள். நான் எங்கே தேர்ந்தெடுத்தேன்!

அப்புறம் டவுனிலிருந்து ஒருத்தன். போன் பண்ணும்போதெல்லாம் ‘வந்துட்டேன்’ என்பான். பாலத்துக்கிட்ட வந்துட்டேன், பஸ் ஸ்டாண்டுகிட்ட வந்துட்டேன், தெருமுனைக்கு வந்துட்டேன். மூன்றாவது நாள் நிஜமாகவே வந்தான். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றவில்லை. மெஷினை ஒரு தட்டு தட்டினான், காதை வைத்துக் கேட்டான், போர்டு போச்சு என்றான். டாக்டர்கூட நாக்கை நீட்டச் சொல்லிவிட்டுத்தான் வியாதியைச் சொல்வார். வண்டி கொண்டுவந்து மெஷினையே தூக்கிக்கொண்டு போகிறேன், டவுனில் வைத்துப் பார்க்கிறேன் என்றான். தூக்கிக்கொண்டு போனவன் திரும்பவும் ‘வந்துட்டேன்’ என்று சொல்லிக்கொண்டே இருந்தால் நான் எங்கே போய் அழுவது? அனுப்பிவிட்டேன்.

கடைசியாக, வயல் மோட்டார் எரிந்துபோனால் செப்புக் கம்பி சுற்றி காயில் கட்டுகிறவரைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். நல்ல மனுஷர்தான். பின்பக்கம் குனிந்து பார்த்தார். மூடியை மாட்டியிருக்கிற ஸ்க்ரூ தலையில் உங்கள் சிவப்புப் புள்ளி. சுட்ட மாதிரி கையை எடுத்துவிட்டார். இது உங்க வீட்டுக்காரர் புள்ளி, நான் தொட்டேன்னு தெரிஞ்சா பெரியவர் எனக்கு ஒரு வாஷர்கூடத் தரமாட்டார் என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

பெரியவர் என்றால் யார் என்று நான் சொல்ல வேண்டுமா? இந்தச் சுற்றுவட்டாரத்துக்கே ஒரே ரிப்பேர்காரர், ஒரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை. உங்கள் கூடப்பிறந்தவர். கல்யாணமே வேண்டாம் என்று ஸ்க்ரூ டிரைவரைக் கட்டிக்கொண்ட மகாராஜா.

இரண்டு பேரும் ஒன்றாகக் கடை வைத்திருந்த காலத்தில், ரிப்பேர் பார்த்த மெஷினில் ஆளுக்கொரு புள்ளி வைப்பது என்று நீங்கள் இரண்டு பேரும்தான் ஏற்பாடு பண்ணிக்கொண்டீர்கள். அவர் நீலம், நீங்கள் சிவப்பு. சிவப்பு என் நகப்பூச்சு, கேட்காமலே எடுத்துக்கொண்டு போனீர்கள், அது வேறு கதை. ஒருத்தர் புள்ளி வைத்ததை இன்னொருத்தர் கேட்காமல் திறக்கக் கூடாது என்பது உங்கள் சட்டம். அந்தச் சட்டத்தை உடைத்தது யார்? அவர் சாமான் வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து, டீச்சர் வீட்டு ஃபிரிட்ஜில் நீலப் புள்ளியைச் சுரண்டித் திறந்தீர்கள். சரி, அவசரம், டீச்சர் வீட்டில் எல்லாம் கெட்டுப்போகிறது, திறந்தீர்கள். அதோடு விட்டிருக்கலாம். டீக்கடையில் உட்கார்ந்து, எங்க அண்ணன் பார்க்கறதெல்லாம் ஒட்டுப் போட்ட வேலை என்று நாலு பேர் கேட்கச் சொன்னீர்களே, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கு அவர் நம் வாசலுக்கு வந்து கத்தினதும், இனிமே என் வீட்டுப் படி ஏறாதே என்று நீங்கள் கத்தினதும் ஊருக்கே தெரியும். அத்தை அப்போது நன்றாக இருந்தார், இரண்டு பேருக்கும் நடுவில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். அம்மா மேல சத்தியம், உன் புள்ளி இருக்கிற எதையும் உன் வாயால நீ சொல்லாம தொடமாட்டேன் என்று அவர் சொன்னார். தன் உயிர் மேல் சத்தியம் பண்ண அவருக்கு என்ன கேடு? அம்மா மேலேயே ஏன் பண்ண வேண்டும்? நீங்களும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அந்த ஹோட்டல் லாண்டரியில் போய் உட்கார்ந்துவிட்டீர்கள். யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகளைத் துவைக்கிற மெஷினையெல்லாம் ஓட வைக்கிறீர்கள். உங்களைப் பெற்றவள் படுத்திருக்கிற விரிப்பைத் துவைக்க ஒரு மெஷின் ஓடவில்லை.

கேட்பது ஒன்றே ஒன்று. அண்ணனுக்கு ஒரு போன். பாருண்ணே என்று இரண்டே வார்த்தை. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம், அதற்கெல்லாம் உங்கள் வாய் வளையாது என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
மணிக்கட்டு வீங்கிப் போய் எழுதும்
உங்கள் மனைவி

*

ஹோட்டல் லாண்டரி மெக்கானிக் அவர்களுக்கு,

நலம். நலத்துக்குக் காரணம் நீங்கள் இல்லை.

கடிதம் கிடைத்த அடையாளமாக நீங்கள் அனுப்பினது வந்து சேர்ந்தது. முதலில் ஒரு வீடியோ. யாரோ ஒரு வெள்ளைச் சட்டைக்காரன், வேறு ஏதோ மெஷினை, வேறு ஏதோ பாஷையில் பேசிக்கொண்டே கழற்றுகிறான். இதைப் பார்த்து நான் கழற்ற வேண்டுமாம். ஒரு பக்கம் அத்தையைப் புரட்டிப் போட்டுவிட்டு இன்னொரு பக்கம் மெஷினைப் புரட்டிப் போட எனக்கு எத்தனை கை என்று நினைத்தீர்கள்? இரண்டாவதாக, புதுசு வாங்கிக்கோ என்று ஒரு வரி. புதுசு வாங்க வக்கிருந்தால் நீங்கள் ஏன் அங்கே போய்க் கிடக்கிறீர்கள். மூன்றாவதாக, அவன்கிட்ட நான் கெஞ்சமாட்டேன் என்று ஒரு வரி. யார் கெஞ்சச் சொன்னது? திற என்று சொல்வது கெஞ்சலா? அப்படிப் பார்த்தால் கதவைத் தட்டுகிற எல்லோரும் பிச்சைக்காரர்கள்தான்.

உங்கள் வறட்டு ஜம்பத்துக்கு நம் வீடு மட்டுமா பலி? நீங்கள் ஊரை விட்டுப் போவதற்கு முன்னால் பாதி ஊரில் புள்ளி வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். உங்கள் கை பட்ட மிக்ஸி, ஃபேன், ஃபிரிட்ஜ் எது நின்றாலும் உங்கள் அண்ணன் தொடமாட்டேன் என்கிறார். பால் வாங்கப் போனால் பெண்கள் என்னை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கிறார்கள். உன் புருஷன் வச்ச புள்ளியால என் மிக்ஸி மூலையில கிடக்கு, அதையும் நீயே கட்டிக்கிட்டுப் போ என்றாள் பால்காரர் பெண்டாட்டி. என்னமோ நான்தான் வீடு வீடாகப் போய் நகப்பூச்சு பூசிவிட்டு வந்த மாதிரி.

தையல்காரர் கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் பண்ணிப் பார்த்தார். தன் வீட்டு மிக்ஸியில் இருந்த சிவப்பை பிளேடால் சுத்தமாகச் சுரண்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி கடைக்குக் கொண்டுபோனார். உங்கள் அண்ணன் டார்ச்சை அடித்து ஸ்க்ரூவின் கீறலுக்குள்ளே பார்த்தாராம். உள்ளே ஒரு மயிரிழை சிவப்பு. மிக்ஸியை அப்படியே திருப்பி நகர்த்தி வைத்துவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டாராம், ஏதோ அசிங்கத்தைத் தொட்டுவிட்ட மாதிரி. அதனால் நானும் சுரண்டிப் பார்க்கட்டுமா என்று யோசனை சொல்லாதீர்கள். அந்த மனுஷரின் கண் கழுகுக் கண்.

அவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஏதோ அவர் பக்கம் சாய்ந்துவிட்டதாக நினைக்காதீர்கள், இரண்டு பேர் மேலேயும் எனக்கு ஒரே அளவு வயிற்றெரிச்சல்தான். தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு நம் தெருவுக்கு வருகிறார். வாசற்படியில் கால் வைக்கமாட்டார், நீங்கள் ஏறாதே என்றீர்களே. சைக்கிளைத் தெருவில் நிறுத்திவிட்டு, அத்தை படுத்திருக்கிற ஜன்னலுக்கு வெளியே நின்று, அம்மா, சாப்பிட்டியாம்மா என்று கேட்கிறார். அத்தை குழறுகிற குழறலில் அவருக்கு என்ன புரியுமோ, தலையை ஆட்டிக்கொள்கிறார். கம்பி வழியாக அத்தை நல்ல கையை நீட்டுவார். இவர் அந்த விரலைப் பிடித்துக்கொண்டு மழையில் நிற்பார்.

ஒருநாள் அப்படி அவர் நிற்கும்போது நான் முற்றத்தில் போர்வையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்கு நேராகத் தெரிகிற இடம்தான். பார்த்துக்கொண்டே நிற்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்க்காத மாதிரி ஒரு வாளி அழுக்குத் தண்ணீரைத் தெருப்பக்கம் வீசி ஊற்றினேன். கால்சட்டை முட்டிவரைக்கும் நனைந்துவிட்டது. மனுஷர் சைக்கிளை இரண்டடி தள்ளி நிறுத்திவிட்டுத் திரும்பவும் அம்மா விரலைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நான்தான் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

வாயை விட்டே கேட்டேன், கேட்காமல் இல்லை. உங்க அம்மா படுக்கிற துணிதானே, கொஞ்சம் மனசு வைக்கக்கூடாதா என்றேன். அம்மா மேல சத்தியம் பண்ணியிருக்கேன், நான் மீறினா அது எங்க போய் விழும்னு உனக்குத் தெரியாதா என்றார். அவன் சொல்லட்டும், அடுத்த நிமிஷம் திறக்கிறேன் என்றார். துணியைக் கொடு, நான் துவைச்சுத் தர்றேன் என்றும் சொன்னார். கொடுக்க எனக்கு இஷ்டமில்லை. பெற்ற பிள்ளை கையில் அந்தத் துணி போவது தெரிந்தால் அத்தை அந்த நிமிஷமே உயிரை விட்டுவிடுவார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். நேற்று துணி மாற்றும்போது பார்த்தேன். இடுப்புக்குக் கீழே, எலும்பு முட்டுகிற இடத்தில், என் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சிவந்திருக்கிறது. அழுத்தினால் வெளுக்கவில்லை. நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினேன். இன்னும் தோல் திறக்கவில்லை, திறந்துவிட்டால் இந்த வயசில் மூடுவது கஷ்டம் என்றார். ஈரத்தில் போடாதீங்க என்றுதானே போன வாரமே சொன்னேன் என்று என்னையே முறைத்தார். எங்கள் வீட்டில் இரண்டு மெக்கானிக், மெஷின் மட்டும் ஓடாது என்று சொன்னால் அவர் சிரிப்பாரா அழுவாரா?

நீங்கள் போன் பண்ணவேண்டியது அண்ணனுக்காக இல்லை, எனக்காகவும் வேண்டாம். அந்தக் கட்டைவிரல் அளவு சிவப்புக்காக. இதற்கும் ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்களானால், நல்லதுக்கில்லை, சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் அம்மாவின் மருமகள்

*

இந்தக் கடிதத்தைப் பிரித்த உடனே உட்கார்ந்து படிக்கவேண்டிய என் வீட்டுக்காரருக்கு,

பக்கத்து வீட்டு லாரி டிரைவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமைக்குள் உங்கள் கையில் நேராகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். போனில் சொல்லியிருப்பேன். நீங்கள் கத்துவீர்கள், நான் திருப்பிக் கத்துவேன், உங்கள் அண்ணன் காதில் விழும். இப்போதெல்லாம் அவர் தெருவில் நிற்பதில்லை, வீட்டுக்குள் இருக்கிறார். எப்படி என்று சொல்கிறேன். கடைசிவரைக்கும் படித்துவிட்டு அப்புறம் குதியுங்கள்.

உங்கள் போனுக்காக நான் காத்திருந்தேன். அண்ணனுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அத்தைக்கு அந்த இடத்தில் தோல் வழண்டு உரிந்திருந்தது. கொஞ்சம்தான். துணியில் ஒரு பொட்டு ரத்தம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. காய்ந்த துணி என்று வீட்டில் ஒன்றுகூட இல்லை. என் கல்யாணத்துக்குத் தைத்து இன்னும் விரிக்காமல் வைத்திருந்த விரிப்பை மடித்துக் கீழே போட்டுவிட்டு, செருப்புகூடப் போடாமல் கடைக்கு ஓடினேன்.

உங்க தம்பி போன் பண்ணினார் என்று உங்கள் அண்ணனிடம் சொன்னேன். திறக்கச் சொல்லிவிட்டார் என்று சொன்னேன்.

யோசித்துச் சொன்னதில்லை. வாயைத் திறந்தேன், அதுதான் வந்தது. வந்த பிறகு திருப்பி விழுங்க எனக்கு விருப்பமில்லை.

அவர் ஏதோ டேபிள் ஃபேனைப் பிரித்து வைத்திருந்தார். கையிலிருந்ததைக் கீழே வைத்தார். அவனே சொன்னானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவன் வாயாலயா என்றார். பின்னே, யார் வாயால் சொல்வார் என்றேன். என்ன சொன்னான், அப்படியே சொல்லு என்றார். இந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை. அண்ணன் பார்த்தா சரியாத்தான் இருக்கும், அண்ணனையே பார்க்கச் சொல்லு என்று சொன்னார் என்றேன். கோபமாகச் சொன்னானா என்று கேட்டார். இல்லை, நடுவில் கொஞ்சம் இருமினார் என்றேன். அந்த இருமல் எங்கிருந்து வந்ததோ எனக்கே தெரியாது. பொய் சொல்ல உட்கார்ந்தால் அது தானாகக் கை கால் வைத்துக்கொள்கிறது.

மனுஷர் கடையைச் சாத்தக்கூட இல்லை. எதிர்க் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். வாசல் வரைக்கும் வேகமாக வந்தவர், படிக்குக் கீழே நின்றுவிட்டார். உள்ளேயும் வரச் சொன்னானா என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்த அழுகையைக் கோபமாக மாற்றி, வராம மெஷினைத் தெருவுக்கா தூக்கிக்கிட்டு வர்றது, சீக்கிரம் வாங்க மாமா என்று கத்தினேன். செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரமாக வைத்துவிட்டு ஏறி வந்தார்.

பின்மூடியைக் கழற்றிப் பம்ப்பை வெளியே எடுத்தார். உள்ளே ஒரு ஊக்கு. விரிப்பு நழுவாமல் இருக்க நான்தான் குத்தி வைப்பேன், துவைக்கப் போடும்போது ஒன்றைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். தண்ணீரை வெளியே தள்ளுகிற அந்தச் சின்ன விசிறியில் குறுக்கே மாட்டிக்கொண்டு கிடந்தது. இவ்வளவுதான் வியாதி. போர்டாம், புதுசாம், வீடியோவாம்! ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. தண்ணீர் மடமடவென்று வெளியே ஓடினதைப் பார்த்து நான் கைதட்டிவிட்டேன், வெட்கமே இல்லாமல்.

மூடியைத் திரும்ப மாட்டினார். நீலம் வைப்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், வைக்கவில்லை. புள்ளி என்று நான் இழுத்தேன். அது அவன் மெஷின், அவன் வந்து வச்சுக்குவான் என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார்.

அப்புறம் அத்தை கட்டிலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவன் பேசினான்மா, போன் பண்ணிப் பேசினான், என்னைப் பார்க்கச் சொன்னான் என்று காதுக்கிட்ட குனிந்து சொன்னார். நான் உங்களுக்காகச் சொன்ன அந்த வார்த்தைகளை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார், இருமலோடு சேர்த்து. அத்தைக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. என்னைப் பார்த்தார். உங்கள் அம்மாவை ஏமாற்ற முடியுமா? அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். நல்ல கையால் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். வலித்தது.

இரண்டு நாளாகத் துணி காய்கிறது. அத்தைக்குக் காய்ந்த விரிப்பில் தூக்கம் வருகிறது. நர்ஸ் வந்து பார்த்தார், புண் பரவவில்லை என்றார். ஆறும் என்று சொல்லவில்லை. ஆறலாம் என்றார். இரண்டுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். உங்கள் அண்ணன் தினமும் வந்து அவரைப் புரட்டிப் போட உதவுகிறார். பால்காரர் வீட்டு மிக்ஸிக்கும் மற்றதுக்கும் இன்னும் வழி பிறக்கவில்லை, அதுக்கெல்லாம் அவன் தனியாச் சொல்லணும்னு நினைக்கிறேன், அவன்கிட்டயே கேட்டுக்கறேன் என்கிறார்.

இங்கேதான் ஆபத்து. உங்கள் நம்பரை வாங்கிக்கொண்டார். அன்றைக்கே கூப்பிடப் பார்த்தார். வேலை நேரத்தில் போன் எடுத்தால் சூப்பர்வைசர் திட்டுவார் என்று இன்னொரு பொய் சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. அன்றைக்குக் காலையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிடப்போகிறாராம். சட்டையைக்கூடத் துவைக்கப் போட்டிருக்கிறார், ஏதோ போனில் சட்டை தெரியும் என்கிற மாதிரி.

இப்போது கேளுங்கள். கோபம் இருந்தால் என் மேல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பேரைச் சொல்லிப் பொய் சொன்னது நான். லீவில் வந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் புதுசில்லை. ஆனால் அவரிடம், நான் எப்ப சொன்னேன் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடாதீர்கள். கேட்டுவிட்டால், அவர் அம்மா மேல் பண்ணின சத்தியத்தை மீறினவர் ஆகிவிடுவார். அத்தைக்கு நாளைக்கு ஒன்று ஆனால், அது வயசால், புண்ணால், உடம்பால் என்று அவர் நினைக்கமாட்டார். தான் அந்த மூடியைத் திறந்ததால்தான் என்று நினைத்தே மிச்ச நாளை ஓட்டுவார். உங்கள் அண்ணனை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்களே சொல்லுங்கள், நினைக்கமாட்டாரா?

ஆமாண்ணே என்று சொல்லுங்கள், போதும். நீங்கள் சொல்லிவிட்டால் நான் சொன்னது பொய்யும் இல்லை, அவர் மீறினதும் இல்லை. நாள்தான் கொஞ்சம் முன்னே பின்னே. அதற்கு மேல் பேச வரவில்லையென்றால் பேசாமல் இருங்கள், அவர் பேசிக்கொள்வார். நிறைய சேர்த்து வைத்திருக்கிறார்.

உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. இருந்தாலும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், நன்றாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனைக் கையிலேயே வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்களை நம்பிப் பொய் சொன்ன
உங்கள் மனைவி